வெள்ளிக்கிழமை கட்டிய முதல் தவணை

"ஆன்ட்டி, ஒரு கேள்வி கேட்டா கோவிக்க மாட்டீங்கள் தானே?"

வங்கியின் கண்ணாடி அறைக்குள் அந்தப் பிள்ளை அப்படித்தான் தொடங்கினாள். பெயர் மதுஷானி. கடன் பகுதிக்குப் பொறுப்பானவள். எங்கள் பேச்சு முழுக்கச் சிங்களத்தில்தான் நடந்தது. என்னுடைய சிங்களம் சந்தையில் படித்த சிங்களம். இங்கே எல்லாவற்றையும் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

அறைக்குள் நல்ல குளிர். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டேன். பக்கத்துக் கதிரையில் என் வீட்டுக்காரர் கோயிலில் பூசைக்கு நிற்கிறவர் போலக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

"கேளுங்கோ மகள்" என்றேன்.

அவள் எங்கள் பழைய கணக்குத் தாள்களைப் பென்சிலால் தொட்டாள். "இதில பாருங்கோ. கடனட்டைக்குக் கட்ட வேண்டிய கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அந்த நேரம் உங்கட கணக்கில காசும் இருந்திருக்கு. ஆனா கட்டினது திங்கக்கிழமை. இஞ்ச இன்னொண்டு. கடைசி நாள் செவ்வாய், கட்டினது புதன். இப்பிடி நிறைய இருக்கு. ஒவ்வொண்டுக்கும் தண்டம். காசு இருந்தும் ஏன் பிந்தினனீங்கள்?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்தார்.

"வெள்ளியும் செவ்வாயும் நாங்கள் வீட்டுக் காசை வெளியில குடுக்கிறேல்லை மகள். குடுத்தா லட்சுமி போயிடுவா."

பென்சில் நின்றது. அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே இன்றைக்கும் அவளுக்காகக் கும்பிடுகிறேன்.

"எவ்வளவு காலமா?"

"கலியாணம் கட்டின நாள் தொட்டு."

"நான் கேட்டது கடனட்டைக்கு ஆன்ட்டி."

"அதுக்கும், எடுத்த நாள் தொட்டு" என்றார் இவர்.

சந்தனம் வைத்த செக் புத்தகம்

இத்தனை கிழமையும் இந்தப் பக்கத்தில் சமையலையும் கோயிலையும் பற்றித்தான் எழுதி வந்தேன். இந்த முறை கடனைப் பற்றி எழுதட்டுமா என்று இவரிடம் கேட்டேன். "எழுது. ஆனா என்னை நல்லவனாப் போடு" என்றார். போடுகிறேன்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு சொல். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. காலையில் இடியப்பமும் சொதியும், மத்தியானம் அலுவலகங்களுக்குச் சோற்றுப் பார்சலும் கொடுக்கிறேன். இவர் கொச்சிக்கடைப் பக்கம் ஒரு பண்டசாலையில் வேலை செய்து ஓய்ந்தவர். பார்சல் கட்டுவதில் இவரை வெல்ல ஆள் இல்லை. ஒரே மகள் கலியாணம் கட்டித் தெஹிவளையில் இருக்கிறாள்.

நல்ல காலம் ஒன்று இருந்தது. காலி வீதியில் ஒரு பெரிய அலுவலகம் எங்களிடம் தினமும் சாப்பாடு எடுக்கத் தொடங்கியது. மாதம் ஒரு செக். அதற்காகத்தான் நடைமுறைக் கணக்குத் திறந்தோம். கழுத்துப்பட்டி கட்டின ஒரு பொடியன் வீட்டுக்கே வந்து, "உங்கட வியாபாரத்துக்கு ஓடி எடுக்கலாம் அம்மா, பிணை ஒண்டும் தேவையில்லை" என்றான். ஓடி என்றால் மேலதிகப்பற்று. கணக்கில் காசு முடிந்த பிறகும் ஒரு அளவு மட்டும் எடுக்கலாம். கூடவே ஒரு கடனட்டையும் தந்தான்.

எங்களை ஒரு ஆளாக மதித்து வங்கியே வீடு தேடி வந்ததே என்று மனம் குளிர்ந்து போனது. புதுச் செக் புத்தகத்தைச் சுவாமித் தட்டில் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்துத்தான் முதல் செக் எழுதினோம். அரிசிக் கடைக்கார முதலாளி அந்தச் செக்கை மணந்து பார்த்துவிட்டு, "இது பேங்குக்கோ, கோயிலுக்கோ?" என்று கேட்டார்.

ஓடியைக் கடன் என்று நாங்கள் நினைக்கவில்லை. காசு எடுக்கிற மெசினில் ஒரு தொகை காட்டும். அவ்வளவும் எங்களுடையது என்றே நினைத்தோம்.

அரிசி வாளிக்குள் அடித்த போன்

பிறகு சமையல் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலம் வந்தது. உங்களுக்கு நான் அதை விளக்கத் தேவையில்லை. அலுவலகத்தார் பாதிப் பேர் வீட்டில் இருந்தே வேலை செய்தார்கள். பார்சல் குறைந்தது. அரிசியும் தேங்காயும் கையில் பிடிக்க முடியாத விலை. மெல்ல மெல்ல ஓடிக்குள் இறங்கினோம். காஸ் அடுப்பு, பிரிட்ஜ் திருத்தம், மருந்து எல்லாம் கடனட்டையில் போனது. வட்டி ஏறின வேகத்தில், அலுவலகச் செக்கைப் போட்டால் அந்தப் பள்ளம் அப்படியே விழுங்கிவிடும். அடுத்த நாள் அரிசிக்குக் கையில் ஒன்றும் இராது.

வங்கியில் இருந்து போன் வரத் தொடங்கியது. "மேடம், எப்ப கட்டுவீங்கள்?" மரியாதையான குரல்தான். ஆனாலும் கேட்டவுடன் நான் இவரிடம் நீட்டிவிடுவேன். இவர் போனை எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டு மூடியைப் போட்டுவிடுவார். வாளி உறுமும்.

"அரிசிக்கு ஆரோ போன் எடுக்கினம்" என்பார்.

நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவள். அந்த நாளில் வட்டிக்கு விடுகிற ஐயா சைக்கிளில் வருவார். அம்மா அவரை இருத்தித் தேத்தண்ணி கொடுத்து, "இந்த மாதம் ஏலாது ஐயா, பாதி தாறன்" என்று நேரே சொல்லுவா. அவர் முணுமுணுத்துக்கொண்டு பாதியை வாங்கிப் போவார். கடன்காரருக்கு ஒரு முகம் இருந்தது, அதைப் பார்த்துக் கதைத்தார்கள். வங்கிக்கு முகம் இல்லை என்று நினைத்ததால்தான் நாங்கள் ஒளித்தோம்.

அதை மாற்றினவர் கீழ்வீட்டு ஃபாரூக் நானா. எங்கள் மாடிக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருப்பவர். ஒரு நாள் தேங்காய் எடுக்கப் போன இடத்தில் என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

"ஒளிஞ்சி இருந்தா அவங்களுக்கு என்ன வெளங்கும் தங்கச்சி? இவங்க குடுக்க மனசில்லாத ஆக்கள்னு நெனப்பாங்க. போய் ஒக்காந்து பேசுங்க. நானும் கடை ஒடைஞ்ச நேரம் போனன். வட்டியக் கொறச்சி, தவணையா ஆக்கித் தந்தாங்க."

"அப்பிடிச் செய்வினமோ?"

"கேட்டாச் செய்வாங்க. கேக்காட்டி அவங்களா வந்து தர அவங்க என்ன மாமி மகனா?"

அடுத்த நாளே வங்கிக்கு வெளிக்கிட்டோம். மகளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அடகு வைக்கச் சொல்லித் தன் காப்பைக் கழற்றிக்கொண்டு வந்து நிற்பாள்.

"குறைச்சுச் சொல்லுங்கோ ஆன்ட்டி"

இப்போது அந்தக் குளிர் அறைக்குத் திரும்புகிறேன்.

மதுஷானி எங்களுக்கு வழியைப் பிரித்துச் சொன்னாள். ஓடியையும் கடனட்டைக் கடனையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கடனாக மாற்றலாம். வட்டி குறையும், ஏறாமல் நிற்கும். பிந்தின தண்டத்தில் ஒரு பகுதியைக் கழித்துவிடச் சொல்லி மேலிடத்தில் கேட்கலாம். ஓடி நின்றுவிடும், கடனட்டையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் கணக்கு இருக்கும். அலுவலகச் செக் வரும், எங்கள் செலவுக்கு எடுக்கலாம்.

"மேலிடம் ஓம் எண்டு சொல்லாட்டி?" என்று கேட்டேன்.

"ஃபைல் கடன் அறவிடுற பகுதிக்குப் போகும். கணக்கை முடக்குவினம்."

கணக்கு முடங்கினால் அரிசி முதலாளிக்குக் கொடுத்த செக் திரும்பும். அவர் அரிசி தரமாட்டார். அலுவலகம் வேறு ஆளைப் பார்க்கும். எங்கள் அடுப்பு அத்தோடு அணைந்துவிடும். எல்லாம் இந்த ஒரு பிள்ளையின் பென்சிலில் தொங்கிக்கொண்டு இருந்தது.

"மாதம் எவ்வளவு கட்டுவீங்கள்?"

"ஐம்பதினாயிரம்" என்றேன் நிமிர்ந்து இருந்து.

இவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். நான் அசையவில்லை. வங்கியில் வந்து இருந்துகொண்டு சின்னத் தொகை சொன்னால் எங்கள் குடும்பத்துக்கே மரியாதை இல்லை என்று எனக்கு எண்ணம். இரக்கம் காட்டுகிற இடத்தில் பெரிதாகக் கொடுக்க வேண்டும் என்பது கோயில் பழக்கம்.

மதுஷானி எழுதவில்லை. அரிசிக்கு எவ்வளவு, காஸுக்கு எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கூட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"குறைச்சுச் சொல்லுங்கோ ஆன்ட்டி. நல்லாப் போற மாதத்தில கட்டக்கூடிய காசைச் சொல்ல வேண்டாம். அங்கிளுக்குக் காய்ச்சல் வந்து, காஸும் முடிஞ்சு, மழைக்கு ஆக்கள் வராத மாதத்திலயும் என்ன கட்டுவீங்கள்? அதைச் சொல்லுங்கோ."

"பதினெட்டு" என்றார் இவர்.

எனக்கு முகம் சுட்டது. ஆனால் அவள் உடனே எழுதினாள். "பதினெட்டு நல்ல தொகை அங்கிள். கன காலம் எடுக்கும், ஆனா முடியும். ஐம்பதெண்டு எழுதி மூண்டாம் மாதம் நீங்கள் விழுந்தா, பிறகு நான் ஒண்டும் செய்யேலாது."

அதன் பிறகுதான் அந்த வெள்ளி, செவ்வாய்க் கதைக்கு மீண்டும் வந்தாள்.

"மேலிடத்தில முதல் பார்க்கிறது இந்தப் பிந்தின நாளுகளைத்தான். காசு இருந்தும் இழுத்தடிச்ச ஆக்கள் எண்டு நினைப்பினம். நான் உங்கட பழக்கத்தைப் பற்றி எழுதுறன். எங்கட அம்மாவும் இருட்டினாப் பிறகு உப்புக் குடுக்க மாட்டா. எனக்கு விளங்குது. ஆனா இனி ஒரு நாளும் பிந்தாது எண்டும் எழுத வேணும். எழுதட்டோ?"

"எழுதுங்கோ" என்றேன். நாள் வரும்போது பார்க்கலாம் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

முதல் தவணையைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னாள். கடிதம் வந்தவுடன் ஒப்பமிட்டு அன்றே கட்ட வேண்டுமாம். பதினெட்டாயிரத்தையும் ஒரு பால்மா டின்னுக்குள் போட்டு, சுவாமித் தட்டுக்குக் கீழே வைத்தேன்.

மூன்று மணிக்கு முன்னம்

கிழமைகள் போயின. பதில் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை.

இடியப்ப வேலை முடித்து, முழுகி, விளக்கேற்றிவிட்டு நிற்கிறேன், போன் அடித்தது. இந்த முறை இவர் அதை வாளிக்குள் போடவில்லை. மதுஷானி.

"ஆன்ட்டி, ஓம் எண்டு வந்திட்டுது. நாங்கள் கேட்டபடியே. மூண்டு மணிக்கு முன்னம் வாங்கோ. முதல் தவணையையும் கொண்டு வாங்கோ."

"திங்கள் விடிய முதல் ஆளா வந்து நிக்கிறன் மகள்."

"திங்கள் அடுத்த மாதம் ஆன்ட்டி. இந்த அனுமதி இந்த மாதத்துக்குத்தான். நாளைக்கும் நாளையண்டைக்கும் பேங்க் பூட்டு. இண்டைக்குக் கட்டாட்டி ஃபைல் அறவிடுற பகுதிக்குப் போயிடும்."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை."



"தெரியும் ஆன்ட்டி. அதாலதான் மற்ற எல்லாருக்கும் முதல் உங்களுக்கு எடுத்தனான். யோசிக்கிறதுக்கு நேரம் வேணுமெல்லோ."

போனை வைத்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன். வாசிக்கிற சிலருக்கு இது சின்ன விசயமாக இருக்கலாம். எனக்கு இல்லை. கலியாணம் கட்டிப் போன ஊரைச் சண்டைக் காலத்தில் விட்டு வந்தபோதும், இவர் ஒருமுறை வேலை இழந்தபோதும், நான் விடாமல் பிடித்துக்கொண்டு வந்தவை சில. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு வீட்டுக் காசு படி தாண்டாது என்பது அதில் ஒன்று. அந்தப் பிடி தளர்ந்தால் மிச்சம் இருக்கிறதும் போய்விடும் என்று பயந்தேன். மதுஷானியோ எனக்காகத் தன் பெயரை வைத்து எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

இவர் வந்து வாசலில் நின்றார். "அந்த டின்னுக்க கிடக்கிறது ஆற்ற காசு?"

"எங்கட காசு."

"எங்கட காசெண்டா, நேற்று அரிசிக்குக் குறைஞ்சு நிக்கேக்க ஏன் அதில எடுக்கேல்லை?"

"அது பேங்குக்கு எடுத்து வச்சதெல்லோ."

"பிறகென்ன" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போனார்.

நான் விளக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அம்பாள் படத்தில் வழக்கமான அதே முகம். டின்னுக்குள் இருந்தது வங்கியின் காசு. மற்றவர் காசைச் சுவாமித் தட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு, அதைத்தான் லட்சுமி என்று நான் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். லட்சுமி ஒரு நாளும் அப்படிச் சொல்லவில்லை.

"அம்மா, உம்மை நான் அனுப்பேல்லை. பேங்கின்ட காசைக் கொண்டுபோய் அவையிட்டக் குடுத்திட்டு வாறன். நீர் வீட்டில இரும்" என்று வாய்விட்டே சொன்னேன். திருநீற்றைப் பூசிக்கொண்டு டின்னை எடுத்தேன்.

காலி வீதியில் வெயில் கொளுத்தியது. டின்னை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தேன். இவர் குடையை எனக்குப் பிடிக்கிறாரா டின்னுக்குப் பிடிக்கிறாரா என்று தெரியவில்லை.

மதுஷானி எங்களைக் கண்டவுடன் எழும்பி நின்றுவிட்டாள். ஒப்பமிட வேண்டிய இடமெல்லாம் விரலால் காட்டி, ஒவ்வொன்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்று சொன்ன பிறகே பேனையைத் தந்தாள். கடனட்டையை வெட்டக் கத்தரிக்கோல் எடுத்தபோது இவர், "ஒரு நிமிசம்" என்று வாங்கி, கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"பேரை வடிவா அடிச்சிருக்கிறாங்கள்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவள் சிரித்துக்கொண்டே வெட்டினாள்.

காசை எண்ணி முடித்துப் பற்றுச்சீட்டுத் தந்தாள். "மாதம் மாதம் எத்தினையாம் திகதி போடட்டும் ஆன்ட்டி? எந்தத் திகதி போட்டாலும் எப்பவாவது வெள்ளியோ செவ்வாயோ வரத்தான் செய்யும். நானும் கலண்டரில பார்த்தனான், தப்பேலாது."

"அலுவலகச் செக் அஞ்சாம் திகதி வரும். ஆறாம் திகதி போடுங்கோ மகள். கிழமை பார்க்க வேண்டாம்."

நானாவுக்கு வந்த சோதனை

வரும் வழியில் ஃபாரூக் நானாவின் கடையில் ஏறினேன். அவருக்கும் அந்த மாதத் தேங்காய்க் கணக்குக் கொடுக்க இருந்தது. ஜும்மா முடித்துத் தொப்பியோடு அப்போதுதான் கடையைத் திறந்துகொண்டு நின்றார். காசை நீட்டினேன்.

கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "இன்டைக்கு வெள்ளிக்கெழம தங்கச்சி."

"தெரியும் நானா."

"இத்தன வருசமா வெள்ளிக்கெழம ஒங்கட்ட சல்லி வாங்கினதில்ல. நான் வாங்கி ஒங்களுக்கு ஒண்டு ஆச்சின்டா பொறகு என்னையச் சொல்லுவீங்க."

"ஒண்டும் ஆகாது. இது உங்கட சல்லி. பிடியுங்கோ."

இவரைப் பார்த்தார். "இவ நல்லாத்தான் இருக்காவா?"

"பேங்கில ஓம் எண்டிட்டினம்" என்றார் இவர்.

நானா காசை வாங்கி எண்ணாமலே மேசை லாச்சிக்குள் போட்டார். "நான் சொன்னன் தானே, கேட்டாச் செய்வாங்கன்டு" என்று அன்றைக்குக் கடைக்கு வந்த எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். யாருக்கு என்ன செய்தார்கள் என்று மட்டும் சொல்லவில்லையாம். நல்ல மனுசன்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது போனை எங்கேயாவது புதைத்து வைத்திருந்தால் ஒன்று சொல்கிறேன். போய் இருந்து கதையுங்கள். கூப்பிட முதலே போனால் இன்னும் நல்லது. கையில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எல்லா இடத்திலும் ஒரு மதுஷானி இருப்பாள் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒருத்தர் இல்லை என்றால் இன்னொருத்தரைக் கேளுங்கள். கேட்கிறதில் வெட்கம் இல்லை.

எங்கள் கடன் இன்னும் முடியவில்லை. பாதியைத் தாண்டிவிட்டோம். மகளுக்கும் சொல்லிவிட்டேன். திட்டிவிட்டு, பிறகு அழுதாள். காப்பு அவள் கையிலேயே இருக்கிறது. ஒரு மாதம் இவருக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தது, காஸும் முடிந்தது. அந்த மாதமும் பதினெட்டைக் கட்டினோம்.

வெள்ளிக்கிழமை விரதமும் விளக்கும் என்னிடம் அப்படியே இருக்கின்றன. ஒழுங்கு மட்டும் மாறியிருக்கிறது. இந்த மாதம் ஆறாம் திகதி வெள்ளியில் வந்தது. விடிய எழும்பி முழுகினேன். திரியைப் போட்டு, எண்ணெயை விட்டு, ஏற்றாமல் வைத்துவிட்டு வங்கிக்குப் போனேன். அவர்களுடைய காசை அவர்களிடம் கொடுத்தேன். திரும்பி வந்து காலைக் கழுவி, எங்களுக்கென்று மிஞ்சினதைச் சுவாமித் தட்டில் வைத்துவிட்டு, விளக்கை ஏற்றினேன்.